ஒரு கிளப்புக்கு மேலே மூன்று ஸ்பேட்

கண்டக்டரம்மாவிடம் போய் "பேசாமல் இரு" என்று சொல்கிறவருக்கு அவளைத் தெரியாது என்று அர்த்தம். இருபத்தேழு வருடம் பஸ்ஸில் நின்றவள். இரண்டு பேர் சீட்டில் ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தால், அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும், "தள்ளி உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த டிக்கெட்டைக் கிழிப்பாள். டிப்போ ஓய்வறையில் சீட்டாட்டம் கற்றாள். ஓய்வு பெற்றதும் நாத்தனாரை ஜோடி சேர்த்துக்கொண்டு பிரிட்ஜ் சீட்டாட்ட மன்றத்தில் சேர்ந்தாள். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம். மாத்திரை எங்கே, மூக்குக்கண்ணாடி எங்கே என்று வீட்டில் யாரும் அவளைக் கூப்பிட முடியாத மூன்று மணி நேரம். அதை நினைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினாள்.

அதற்குத்தான் இப்போது வேட்டு வைக்கப் பார்த்தார்கள்.

மன்றத் தலைவர் ஒரு கண் டாக்டர். அவருக்கு ஜோடி ஒரு வக்கீல். அவர்கள் ஏலத்தை "ஒரு கிளப்" என்று தொடங்கினால் கையில் கிளப், அதாவது கிளாவர் சீட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. "என் கை பலமான கை, எந்த இனம் என்பதைச் சாவகாசமாகச் சொல்கிறேன்" என்று அர்த்தம். ஏலம் என்பது எந்த இனத்தில் எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்பது; ஒவ்வொருவரும் முந்தையதைவிட உயர்த்தித்தான் கேட்க முடியும். ஆகவே அடியிலிருந்து தொடங்கி, படிப்படியாகப் பேசி, பெரிய ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். எதிரில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு "பாஸ்" சொல்வது அங்கே பல வருட வழக்கம். மரியாதையாம்! என்ன பொல்லாத மரியாதை?

கண்டக்டரம்மா வந்தாள், குறுக்கே புகுந்தாள். கையில் ஒன்றுமில்லாமலே இரண்டு, மூன்று என்று ஏலத்தைத் தூக்கிவிடுவாள். அவர்கள் பேசிக்கொள்ள இடமே இருக்காது. ஒரு மாதத்தில் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள்: வெறுங்கையோடு குறுக்கிடுவோரின் உறுப்பினர் தகுதி மறுபரிசீலனை செய்யப்படும்.

"அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு மட்டும் சும்மா இருந்துடுங்க" என்று நாத்தனார் வாசலிலேயே கெஞ்சினாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள், இருமினால்கூடச் சத்தம் வராமல் இருமுவாள். "பேரை எடுத்துட்டா நாம எங்க போறது?"

"விதிப் புத்தகத்துல தப்புன்னு இருக்கா?"

"இல்ல, ஆனா…"

"அப்புறம் என்ன ஆனா?"

டாக்டரின் மேசையில் ஆடும் முறை வந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "ஒரு கிளப்."

கண்டக்டரம்மாவின் கையில் ஏழு ஸ்பேட். அதில் ராணியும் ஜாக்கும், மற்ற இனமெல்லாம் குப்பை. பலகையில் இருந்த தாள் கண்ணில் பட்டது. போனால் போகட்டும், அடக்கி வாசித்து மூன்று மணி நேரம் உட்காருவதற்கு வீட்டிலேயே இருக்கலாமே!

"மூணு ஸ்பேட்."

வக்கீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரிடம் நீளமான ஹார்ட் வரிசை இருந்தது. சொல்வதற்கு வழி தெரியவில்லை. "டபுள்" என்றார்; கேட்டவர்கள் தோற்றால் தண்டம் இரட்டிப்பு என்பது அதன் நேர் அர்த்தம். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் சொன்னாள். டாக்டரும் பாஸ் சொன்னார்.

மூன்று கேட்டால் அடிப்படை ஆறோடு சேர்த்து ஒன்பது பிடி எடுக்க வேண்டும்; கண்டக்டரம்மா ஆறுதான் எடுத்தாள். மூன்று குறைவு. எதிராளிக்கு ஐந்நூறு புள்ளி.

"வேணும் உங்களுக்கு" என்று சிரித்த டாக்டர், இதே கைகளை வைத்து ஆடிய மற்ற மேசைகளின் முடிவுத் தாளைப் பிரித்தார். முகத்தில் ஈயாடவில்லை. மற்ற எல்லா மேசையிலும் டாக்டர் பக்கத்துக் கைகளை ஆடியவர்கள் ஆறு ஹார்ட் கேட்டு ஜெயித்திருந்தார்கள். ஐந்நூறு அல்ல, ஆயிரத்து நானூற்று முப்பது புள்ளி.

"நான் டபுள்னது உங்க இனத்தைச் சொல்லுங்கன்னு" என்றார் வக்கீல்.

"நான் அவங்கள தோக்கடிச்சுத் தண்டம் வாங்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன்!"

"இதப் பத்தி நாம பேசி வச்சுக்கவே இல்லையே டாக்டர்."

"எதுக்குப் பேசணும்? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் குறுக்க வந்ததில்லையே!"

டாக்டர் நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் புத்தகத்தைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார், விதிப்படி சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"விதி கிடக்கட்டும். கமிட்டி நான் சொன்னா கேக்கும்" என்றார் டாக்டர். "இன்னொரு தடவ இந்த மேசைல இப்படி நடந்தா, சாயங்காலமே பேரை அடிச்சிடுவோம். ரெண்டு பேர் பேரையும்."

"தாராளமா அடிங்க சார். பேனா வேணுமா?" என்றாள் கண்டக்டரம்மா. குரல் கணீரென்று இருந்தது.

அடுத்த ஆட்டம். முதலில் கேட்க வேண்டியவள் கண்டக்டரம்மாதான். இந்த முறை நிஜமாகவே ஒன்றுமில்லை. "பாஸ்" என்றாள். டாக்டர் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒரு கிளப்" என்றார் வக்கீல்.

நாத்தனாரின் முறை. அவள் சீட்டைப் பார்த்தாள், டைமண்ட் தவிர எல்லாம் குப்பை. பலகையைப் பார்த்தாள். அண்ணியின் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு டைமண்ட்" என்றாள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.