சிலுப்பாத கிடாவும் நல்லம்மாளும்

ஓர் ஆட்டைப் பார்த்து, "உன்னை வெட்டட்டுமா?" என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும் என்று நினைக்கிறீர்கள்?

சிரிக்க வேண்டாம். நம்மவர்கள் ஆண்டுதோறும் கேட்கத்தான் செய்கிறார்கள். கிடாவுக்கு மாலை போட்டு, முனியாண்டி முன்னால் நிறுத்தி, தலையிலிருந்து வால் வரைக்கும் மஞ்சள் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஈரம் பட்ட ஆடு உடம்பைச் சிலுப்பும். சிலுப்பினால் சம்மதம். சாமியும் ஏற்றுக்கொண்டார், ஆடும் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு அரிவாளுக்கு வேலை. இப்படிக் கேட்டு இப்படித் தீர்ப்பு எழுதுகிற நீதிமன்றம் உலகத்தில் இன்னும் ஒன்று உண்டு. நல்லம்மாள் அதைப் பார்த்தவள். அவள் வாயாலேயே பின்னால் கேட்போம்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தென்னந்தோப்புக்கு நடுவே, அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு நல்லம்மாளின் கணவன் அய்யாக்கண்ணுவுடையது. மாட்டுவண்டியில் தேங்காய் ஏற்றிப் பினாங்குப் பட்டணத்துக்குக் கொண்டுபோவது அவன் தொழில். வீடு அவனுடையது என்பது பேச்சுக்குத்தான். காலையில் எழுந்து வாசலுக்கு வர வேண்டுமானால் அவன் பல பேரைத் தாண்டி வர வேண்டும்.

முதலில் ஒற்றைக்கண் நாய். பட்டணத்தில் தெருநாய்களைச் சுட்ட நாளில் ஒரு கண்ணை மட்டும் கொடுத்துவிட்டு உயிரோடு தப்பி, அவன் வண்டிக்கு அடியிலேயே வீடுவரை நடந்து வந்தது. அடுத்தது கழுத்தில் நுகத்தடிப் புண் ஆறாத கிழ எருது. அதை இறைச்சிக்கு விற்க அவன் கிளம்பியபோது நல்லம்மாள் வழியில் வந்து நின்றாள். "இத்தனை வருசம் அது நமக்குச் சோறு போட்டுச்சு. இப்ப நாம போடுற முறை" என்றாள். அவ்வளவுதான், விற்பனை முடிந்தது.

வேலிமேல் ஒரு குரங்கு. பக்கத்துத் தோப்புக் கமால் தேங்காய் பறிக்கப் பழக்கியது. மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்ததும் கமாலுக்கு அதனால் பயனில்லை. நல்லம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அது ஒரு வேலையும் செய்யாமல் உயரத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் அதட்டும். ஆகவே பிள்ளைகள் அதற்குத் 'தொரை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் மேலே ராசப்பன். கப்பலில் வந்த ஆடுகளை இறக்கும்போது கால் முறிந்த குட்டி அது. "தூக்கிட்டுப் போப்பா, நீ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள செத்துரும்" என்று ஆட்டு வியாபாரி ஷேக் அலாவுதீன் அதை அய்யாக்கண்ணுவின் வண்டியில் போட்டார். அது சாகவில்லை. நல்லம்மாள் மூங்கில் பட்டை வைத்துக் காலைக் கட்டினாள். உடம்பெல்லாம் சொறி. மாலைதோறும் கிணற்றடியில் நிறுத்தி வேப்பிலை காய்ச்சிய தண்ணீரை ஊற்றினாள். முதலில் துள்ளியது, கத்தியது, அவளையும் சேர்த்துக் குளிப்பாட்டியது. பிறகு பழகிவிட்டது. சொறி போய், குட்டி கிடாவாக வளர்ந்த பிறகும், பொழுது சாய்ந்தால் தானே நொண்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போகும். தண்ணீர் விழ விழக் கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் பெரிய மனிதரைப் போல அசையாமல் நிற்கும்.

ஒரு மழைக்காலத்தில் அய்யாக்கண்ணுவைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் போட்டு மூடியும் கட்டில் ஆடியது. நல்லம்மாள் பக்கத்துத் தோட்டத்து மருந்துக்கூடத்துக்கு நடந்துபோய்க் கொயினா மருந்து வாங்கிவந்து, மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தாள். ஆனால் நடுக்கத்தின் உச்சத்தில் அவன் வாய் வேறொருவரிடம் பேசியது. "முனியாண்டி, என்னை எழுப்பி விடு. ராசப்பனைத் தர்றேன்."

காய்ச்சல் விட்டது. நேர்த்திக்கடன் விடவில்லை.

"கொயினா குடுத்தது நான். கசக்குதுன்னு என் மேலயே துப்புனது நீங்க. கூலி மட்டும் முனியாண்டிக்கா?" என்றாள் நல்லம்மாள்.

"வாயை மூடு புள்ள. சாமி காதுல விழும்."

"விழட்டுமே. நேர்ந்துக்குறவரு உங்க மீசைய நேர்ந்திருக்கலாம்ல? அதுவாவது உங்களோடது."

அய்யாக்கண்ணு மீசையைத் தடவினான். அவனிடம் இருந்தது பயம் ஒன்றுதான். மூன்று பிள்ளைகள். காய்ச்சல் திரும்பி வந்து தன்னைக் கொண்டுபோய்விட்டால்? அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு உலர்ந்துவிடும். அதே நெஞ்சுதான், ராசப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டின் பின்பக்கமாக வண்டியைக் கட்டிக்கொண்டு போகவும் வைத்தது.

முனியாண்டி திருவிழா அன்று காலை நல்லம்மாள் தானே கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நானும் வர்றேன். அதைக் கேக்கும்போது ஒழுங்கா கேக்கணும். அவ்வளவுதான்."

"அங்க வந்து ஒண்ணும் பேசமாட்டியே?"

"உங்க சாமி பேசட்டும், பாப்போம்."

தோட்டத்து ஓரத்து ஆலமரத்தடியில் கூட்டம். ராசப்பன் மாலையைக் கொஞ்சம் தின்றுகொண்டே வந்து நின்றது. பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு குடம். கழுத்தைச் சற்றுச் சாய்த்து, ஊற்றாமல் விட்ட பக்கத்தைக் காட்டியது.

"பூசாரியண்ணே, சவுக்காரம் இருந்தா போடுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரிப்பு கிளம்பியது. பூசாரியின் முகம் சுருங்கியது. குடத்தின் அடியில் இருந்ததைக் கையில் ஏந்திக் கிடாவின் காதுக்குள் ஊற்றப் போனார். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும். நல்லம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"கேள்வி கேக்குறீங்களா, பதில் சொல்லிக் குடுக்குறீங்களா?"

பூசாரி கையை உதறிக்கொண்டார். வேறு வழியில் வந்தார். "சாமி முகத்தைத் திருப்பிக்கிச்சு அய்யாக்கண்ணு. நொண்டிக் கிடாய் வேணாங்குது. குறையில்லாததா ஒண்ணு கொண்டா. இல்லன்னா விட்ட காய்ச்சல் திரும்பும்."

அய்யாக்கண்ணுவுக்குப் போன உயிர் வந்தது. ராசப்பன் பிழைத்தான். வேறொரு கிடா எங்கேயாவது கிடைக்காமலா போகும்? நல்லம்மாளைப் பார்த்தான். அவள் இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அவள் திறந்தாள்.

"சாமி ஒண்ணும் வேணாங்கல. நான் தெனம் இதைக் குளிப்பாட்டுறேன். தண்ணி பழகிப்போச்சு, அதான் நிக்கிது."

"அப்ப வெட்டலாம்" என்றார் பூசாரி.

அய்யாக்கண்ணு தலையில் கை வைத்தான். "ஏன் புள்ள சொன்ன? பேசாம இருந்திருந்தா நம்ம ராசப்பன்..."

"நம்ம ராசப்பன் வீட்டுக்கு வருவான். இன்னொண்ணோட தலை போகும். அதுக்கு யாரு வேப்பிலைத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கா?"

பிறகு அவள் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. "நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி என்னையும் கேட்டாங்க. சின்னப் பொண்ணு நான். மேசைக்குப் பின்னால ஒரு அதிகாரி, போறதுக்குச் சம்மதமான்னு இங்கிலீசுல கேட்டாரு. என்னைக் கூட்டிட்டு வந்தவன் பின்னால நின்னு பிடரியில தட்டினான். தலை ஆடிச்சு. சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க. நீங்களும் அங்க தலை ஆட்டுனவங்கதானே?"

முன்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லம்மாள் குனிந்து நிறைகுடம் ஒன்றைத் தூக்கினாள். ராசப்பன் மேல்தான் ஊற்றப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்படியே அய்யாக்கண்ணுவின் தலையில் கவிழ்த்தாள்.

அவன் உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலுப்பினான்.

"சம்மதிச்சுட்டாரு" என்றாள் நல்லம்மாள். "வெட்டுங்க."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பூசாரியின் உதடுகூடச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அய்யாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. பல் கிட்டிக்கொண்டு நின்றான். இந்த நடுக்கம் அவனுக்குத் தெரிந்த நடுக்கம். சாக்குக்கு அடியில் கிடந்து இப்படித்தான் நடுங்கினான். அப்போது அவன் எதற்குச் சம்மதித்தான்? சாவதற்கா? யாராவது வந்து, உடம்புதான் ஆடுகிறதே, சம்மதம்தான் என்று அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

நனைந்த மனிதனைக் கண்டதும் கிணற்றடி நினைவு வந்ததோ என்னவோ, ராசப்பன் நொண்டிக்கொண்டு வந்து அவன் முழங்காலில் தலையைத் தேய்த்தது. அய்யாக்கண்ணு உட்கார்ந்து அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான்.

"நேர்ந்தவன் நான். சிலுப்புனதும் நான்தான்" என்றான் பூசாரியிடம். "எனக்கும் முனியாண்டிக்கும் உள்ளதை நாங்க பேசித் தீத்துக்கிறோம். இவன் வீட்டுக்கு வர்றான்."

"காய்ச்சல் வரும்" என்றார் பூசாரி.

"வந்தா கொயினா இருக்கு" என்றாள் நல்லம்மாள்.

ஆனாலும் அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போகிற வழியில் நாவிதரிடம் உட்கார்ந்து மீசையை எடுத்துவிட்டுத்தான் போனான். அவ்வளவு பயமாவது அவனுக்கு மிச்சமிருந்தது. நல்லம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. தொரைதான் ஆள் அடையாளம் தெரியாமல் வேலிமேல் நின்று அதட்டியது. மீசை அடுத்த திருவிழாவுக்குள் வளர்ந்துவிட்டது. வெட்டிய கழுத்து வளர்ந்ததாக இதுவரை கேள்விப்படவில்லை.

காய்ச்சலும் திரும்பி வந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அடுத்த மழைக்குத் தேங்கிய தண்ணீரில் கொசு வந்தது. கொசுவோடு காய்ச்சல் வந்தது. தவறாமல் கிடா வெட்டி வந்த பூசாரி வீட்டுக்கும் வந்தது. நல்லம்மாள் கணவனுக்கு வாங்கிய கொயினாவிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி வாங்கிக் கொடுத்ததும் விழுங்கினார். அய்யாக்கண்ணுவும் அவரும் பிழைத்து எழுந்தார்கள். அதன் பிறகு பூசாரி காதில் தண்ணீர் ஊற்றுவதை விட்டார் என்கிறார்கள். கிடா வெட்டுவதை விடவில்லை.

நல்லம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேடையில் ஏறியதில்லை. உடைந்ததையும் கழித்துவிட்டதையும் கணவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால், "இதுக்கும் இடமிருக்கு" என்பாள். நூறு சொற்பொழிவுக்கு அது ஈடு. ராசப்பன் இன்றைக்கும் பொழுது சாய்ந்தால் கிணற்றடியில் நிற்கிறது.

உங்கள் ஊரிலும் திருவிழா வரும். மாலை போட்ட ஒரு கிடா கூட்டத்தின் நடுவில் நிற்கும். மஞ்சள் தண்ணீர்க் குடத்தை ஒருவர் உங்கள் கையில் கொடுப்பார். அப்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். அதை முதலில் உங்கள் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். உடம்பு சிலுப்புகிறதா என்று பாருங்கள். பிறகு குனிந்து அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.