உப்புத் துணி அலசிய தண்ணீர்

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் சிவசங்கரிக்கு வேலை நிரந்தரமானபோது, கணவன் பாண்டி ஒரு ரோஜாச் செடி வாங்கி வந்தான். மழை விழாத கூரையடியில், ஓட்டை பெயின்ட் வாளியில் நட்டாள். வேலைவிட்டு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

அட்டை கடிக்காமலிருக்கக் காலில் கட்டும் உப்புத் துணியை அலசிய தண்ணீரையும் அதற்கே ஊற்றினாள். குழாயடியில் காத்து நின்று பிடித்த தண்ணீர். கொட்ட மனம் வருமா? மண் ஈரமாக இருந்தும் செடி வாடியது.

“கண்ணு பட்ருச்சு தாயி, மொளகாயச் சுத்திப் போடு,” என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள்.

“ஒங்க கண்ணாத்தான் இருக்கும் மதினி,” என்றான் பாண்டி.

மறுநாள் கொழுந்து கிள்ளும்போது, காலில் ஏறிய அட்டைமேல் சிவசங்கரி உப்பைத் தடவினாள். அது நீர் கசிந்து சுருங்கி விழுந்தது. தினம் பார்ப்பதுதான், அன்று கை அப்படியே நின்றுவிட்டது. உப்பு தோலைக் கிழிக்கவில்லை. வெளியே நின்றபடியே உள்ளிருந்த நீரை இழுத்துக்கொண்டது. வேரின் மெல்லிய தோலும் அப்படித்தானே?

மாலையில் வாளியை மழைக்குள் இழுத்து வைத்தாள். அடியில் வழிந்த நீரை நாக்கில் வைத்தாள், கரித்தது.

“செடிக்குச் சளி பிடிக்கப் போகுதுடி!” என்று குருவம்மாள் சிரித்தாள்.

சிவசங்கரி செடியருகே குனிந்தாள். தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தாள். உள்ளே இன்னும் பச்சை இருந்தது.