பின்னாலிருந்து கூப்பிடவில்லை

மாலை நாலேகாலுக்கு மகள் நடக்கப் புறப்பட்டாள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லாசால் நகரில் எங்கள் வீட்டருகே போகும் ஆற்றங்கரைப் பாதை, வயதானவர்களும் சுலபமாக நடக்கக்கூடியது. அவள் தெருவைக் கடந்த பிறகுதான் ஆஸ்துமா பம்ப் மேசையில் கிடப்பதைக் கண்டேன். கூப்பிடத்தான் மாடி யன்னலைத் திறந்தேன். புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் வழியில் கெடுதல் வரும் என்று நம்பி வளர்ந்தவள் நான். கூப்பிடவில்லை. பம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அதற்குள் அவளைக் காணவில்லை. கைத்தொலைபேசி எங்களிடம் இல்லாத காலம். குளிர்காற்று அவளுக்கு ஆகாது. பாதையின் இரு பக்கமும் தேடிவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

இருட்டியபோது மூச்சு இரைக்க இரைக்க வந்து படியில் உட்கார்ந்தாள். பம்பை இழுத்தாள். மூச்சு அடங்கியதும் சொன்னாள்:

“நீங்கள் யன்னல் திறந்த சத்தம் கேட்டதம்மா. கூப்பிடுவியள் எண்டு நினைச்சனான்.”