சிவப்புக் கூடை

சுவா பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் ஓர் ஆயாக்கொட்டகை இருந்தது. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒருகாலத்தில் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்களாம். எனக்கு விவரம் தெரிந்தபோது அது உடல் ஊனமுற்றோருக்கான கைத்தொழில் பட்டறையாக மாறியிருந்தது. பிளாஸ்டிக் நாடாவில், சந்தைக்குக் கொண்டுபோகும் பசார் கூடை பின்னுவார்கள். சனிக்கிழமைகளில் வேனில் வெளியாட்கள் வந்து, பாவம் என்று உச்சுக்கொட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு கூடையோடு போவார்கள்.

என் சித்தியும் அங்கேதான் பின்னினார். சிறுவயதில் லாரி மோதி அவருக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. உட்கார்ந்திருந்தால் மகாராணி. நடந்தால் ஒரு தோள் சாய்ந்து சாய்ந்து எழும். முன்பு பெண் பார்க்க வந்த குடும்பங்கள், சித்தி தட்டோடு நடந்து வந்ததைப் பார்த்ததும் பலகாரத்தைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டன.

அதனால் அம்மா மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டார். மம்பாவிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரைக் கூடை வாங்குவதுபோல் நேரே பட்டறைக்கு வரச் சொன்னார். பெண் அங்கே டீச்சர் என்று சொல்லியாயிற்று. அது பொய்யில்லை, புதிதாக வருகிறவர்களுக்குச் சித்திதான் சொல்லிக்கொடுப்பார். கால் விஷயத்தை நிச்சயமானபின் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாமாம். ஊனமுற்றோர் பட்டறையில் ஊனத்தை ஒளித்துவைக்கப் பார்த்தது என் அம்மா ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

“யாரு என்னா கேட்டாலும் நீதான் ஓடிப்போய் எடுத்துக் குடுக்கணும். சித்தி எந்திரிக்கவே கூடாது, தெரியுதா?”

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சித்தி கால் மறையச் சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சித்தியை ரொம்பப் பிடித்துவிட்டது, கன்னத்தைக்கூடத் தடவிப் பார்த்தார். பிறகு கோடிச் சுவரைக் காட்டி, “அந்தச் செவப்பு கூடய காட்டும்மா, பாப்போம்” என்றார்.

நான் துள்ளி எழுந்தேன். சித்தி என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அதே தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த நீளக் கொட்டகையின் கோடிவரைக்கும் நடந்தார். பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த கண் தெரியாத மாமா, கையை நிறுத்திவிட்டு அந்தச் செருப்புச் சத்தத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். என் அம்மாவின் முகம் செத்துப்போனது. சித்தி அவசரமே படாமல் திரும்பி வந்து, மாப்பிள்ளை முன்னால் நின்று கூடையை நீட்டினார்.

“தேங்க்ஸ் லா, டீச்சர்” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

கூடையை வாங்கிக்கொண்டு போனவர்களிடமிருந்து பிறகு ஒரு தகவலும் இல்லை.

“கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தா என்னாடி?” என்று அம்மா அழுதார். சித்தி புது நாடாவை எடுத்து வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகையாக வந்தது. என் வேலையை அல்லவா பிடுங்கிக்கொண்டார்!

“நான் எடுத்துக் குடுத்திருப்பேன்ல சித்தி?”

“ஒனக்கு எட்டாதுடி” என்றார்.

எழுந்துபோய்ப் பார்த்தேன். கூடை மாட்டியிருந்த ஆணி என் நெஞ்சு உயரத்தில்தான் இருந்தது. கூடவே இருக்கிற சித்திக்கு என் உயரம்கூடத் தெரியவில்லையே என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தேன்.