குட்வெயின் வலது காது

லோஃபோத்தன் தீவுகளில் குளிர்காலம் வந்தால் பிள்ளைகளுக்கென்று ஒரு வேலை உண்டு. காட் மீன் தலைகளிலிருந்து நாக்கை அறுத்தெடுப்பது. குட்வெய் அதைப் பாடிக்கொண்டேதான் செய்வாள். "வாய மூடுடி, செத்த மீனெல்லாம் எழுந்து ஓடிடப்போகுது" என்று அண்ணன் சிக்மார் கத்துவானாம்.

தேவாலயப் பாடகர் குழுவில் மற்றவர்களின் குரலை அமுக்கிவிடுகிறாள் என்று அவளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். அங்கிருந்தும் அவள் குரல்தான் கேட்டது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பெர்கன் நகரத்துப் பாட்டு ஆசிரியை ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, கையோடு அவளைப் படிக்க அழைத்துப் போனார்.

பெர்கனில் ஓபரா என்னும் இசை நாடகம் நடக்கும் ஓர் அரங்கில் ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பவன் நான். பெயர் ஐலர்ட். அங்கே அவள் முதன்மை சோப்ரானோவாக உயர்ந்ததை அருகிலிருந்து பார்த்தேன். பெண்குரல்களில் ஆக மேலே போகும் குரல் அது. அரசி, ஏமாற்றப்பட்ட காதலி வேடங்களெல்லாம் அவளுக்குத்தான். கோபன்ஹேகனும் ஹாம்பர்க்கும் அவளைக் கூப்பிட்டன. எங்கே பாடிவிட்டு வந்தாலும் மறுநாள் காலை நனைந்த குடையோடு வந்து நின்று, "என்னடா, தூங்கிட்டே வாசிக்கிற?" என்பாள்.

நாற்பது வயதைத் தாண்டியபோது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. திரும்பி வந்த அன்று, நான் முதல் சுரத்தைத் தொட்டதுமே முகத்தைச் சுளித்தாள்.

"பியானோவ யாரு கெடுத்து வெச்சது?"

"போன வாரம்தான் சுருதி சேர்த்தாங்க."

"இன்னொரு தடவ தட்டு."

தட்டினேன். இடது காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு வலது காதை.

"ஐலர்ட், ஒரே கட்டைதானே தட்டுன? எனக்கு ரெண்டா கேக்குது. வலது பக்கம் கொஞ்சம் ஏறிக் கேக்குது."

மருத்துவர் கருவிகளை வைத்துப் பார்த்தார். உள்காதில் கெட்டுப்போனதைச் சரிசெய்ய வழியில்லை என்றார். தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். வலது காதில் பஞ்சடைத்துப் பார்த்தாள். வாத்தியக்குழு எங்கோ பக்கத்து ஊரில் வாசிப்பதுபோல் இருக்கிறதென்று பிடுங்கி எறிந்தாள். பாடும்போது தன் குரலும் அவளுக்கு இரண்டாகவே கேட்டது. எந்தக் குரலை நம்புவது?

வாத்தியக்குழுவை நடத்தும் ஹால்வ்தானிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. புது ஓபராவின் முதல் காட்சி. முதல் இரண்டு அங்கங்களைப் பழக்கத்தின் பலத்தில் கடந்துவிட்டாள். மூன்றாவதில், அரசி தனியாகப் பாடும் இடத்தில், குரல் வாத்தியங்களுக்கு மேலே நூலளவு ஏறி நின்றது. இறங்கவே இல்லை. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற நான் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினேன். பார்த்தாள். எதிலிருந்து இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் ரசிகர்கள் மரியாதைக்காரர்கள். யாரும் கத்தவில்லை. அளவாகக் கைதட்டினார்கள். அதைக் கேட்டே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கொஞ்ச நாள் ஓய்வெடு, குட்வெய்" என்றார் ஹால்வ்தான்.

"ஓய்வெடுத்தா காது மாறிடுமா?"

அவர் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அடுத்த பருவத்தில் அவள் வேடங்களை வேறொருத்தி பாடினாள். நன்றாகத்தான் பாடினாள்.

குட்வெய் தீவுக்கே திரும்பிப் போய், வலையும் கம்பளி நூலும் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் வானொலி கிடையாது. நான் தொலைபேசியில் கூப்பிட்டால் மீன் வரத்தைப் பற்றிப் பேசுவாள்.

சிக்மார் இறந்தபோது கப்பலேறிப் போனேன். அங்கே தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவருக்கு உடம்பு சரியில்லாததால் இறுதிச் சடங்கில் நான் வாசிப்பதாக ஏற்பாடு. சிக்மாரின் மனைவி யோருன் குட்வெயை விடவில்லை.

"உங்கண்ணனுக்காக ஒரே ஒரு பாட்டு. இங்க யாருக்கு சுருதி தெரியும்? பாடு."

"எனக்குத் தெரியுமே, யோருன்."

"அவரு உன் பாட்ட ரொம்பத் திட்டுவாரு. ஆனா நீ பெர்கனுக்குப் போன அன்னிக்கு அவர்தான் அழுதாரு."

பாடினாள். முதல் அடி சரியாக நின்றது. இரண்டாம் அடியில் ஏறத் தொடங்கியது. வயலினாக இருந்தால் விரலைக் கொஞ்சம் நகர்த்திக் கூடவே போயிருப்பேன். ஆர்கனில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை. கைகளை எடுத்துவிட்டேன். துணையில்லாமல் அவளே பாடி முடித்தாள். ஜனங்கள் அழுதார்கள். சிக்மாருக்காகவா, பாட்டுக்காகவா என்று எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து காப்பியும் லெஃப்சே ரொட்டியும் பரிமாறினார்கள். "அருமையா இருந்துச்சும்மா" என்று ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எல்லோரும் நகர்ந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க விலகினேன்?"

பொய் சொல்ல நினைத்தேன். அவளிடம் அது எடுபடாது.

"ரெண்டாவது அடியில, ஆரம்பத்துலயே."

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அந்த எடம்தான்டா ரொம்ப நல்லா கேட்டுச்சு" என்றாள்.