படலையில் நின்றவர்

முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சாமியாரின் மடம் இருந்தது. அங்கே சமைத்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்து நரைத்த மனுசி. மடத்திலிருந்து யார் புறப்பட்டாலும் அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை வாசல் படலையில் நிற்பார்.

ஒரு பெண்ணின் முறைப்பாட்டில் சாமியாரைப் பிடிக்கப் பொலிஸ் வந்தது. அந்த ஆள்மேல் எனக்குத் துளியும் இரக்கமில்லை. பக்தர்கள் படலையைப் பூட்டிக்கொண்டு நின்றார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அம்மா மட்டும் விலகவில்லை.

"சாமி செய்தது அநியாயமெல்லோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. தண்டனை குடுக்கட்டும்."

"பிறகேன் மறிக்கிறியள்?"

அதற்குள் பொலிஸ்காரர், "விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம் அம்மா" என்றார்.

"ஆமிக்காரர் என்ர மகனையும் அப்பிடிச் சொல்லித்தான் கேட்டவை. சண்டை முடிஞ்ச அண்டைக்கு என்ர கையாலதான் குடுத்தனான். இன்னும் வரேல்லை."

கொஞ்ச நேரத்தில் அம்மாவே படலையைத் திறந்துவிட்டார். சாமியாரை ஜீப்பில் ஏற்றியதும் பின்னால் தானும் ஏறினார்.

"நீங்கள் எங்கையம்மா?" என்றார் பொலிஸ்காரர்.

"எங்க கொண்டு போறியள் எண்டு பாக்கவேணும்."

சாமியாரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வழியைத்தான் பார்த்தார்.

அன்று ஜீப் கண்ணுக்கு மறையும்வரை படலையில் நின்றது நான்.