மினிஸ்டரும் பலீலின் வலது காதும்

எங்கள் ஊர் பல்லேபொலயில் என் மனிசனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். பலீல் தங்கமான மனுசன், அதிர்ந்து பேசாத மனுசன், ஆடு வளர்ப்பதென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு இனிக்கும். கூட இருந்து ஈரக்குலை நடுங்குகிறவள் நான், ஸைனம்பு. அந்த மனிசனுக்கு எந்த நேரம் என்ன ஆகுமோ என்று அடுப்படி வாசலில் சட்டி மூடியும் அகப்பையுமாய் நின்றே என் பாதி நாள் போனது.

சட்டி மூடி எதற்கென்று கேட்பீர்கள். பலீலுக்கு இடது காது கேட்காது. கல்யாணம் முடித்த புதிதில் பலாபத்வலயில் ஒரு மிளகாய் மில்லில் வேலை செய்தார். அந்தக் காதில் சீழ் வடிந்தது. மருந்தெடுங்கள் என்று நான் கத்தினால், "தானாச் சொகமாகும் புள்ள" என்பார். காது போய்ச் சேர்ந்தது, மனிசன் மருந்தெடுக்கவே இல்லை. வலி, பயம் என்ற இரண்டு சொல்லும் அந்த வாயில் வராது. மில்லை விட்டு ஆடு வாங்கிய பிறகும் அப்படியேதான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. முதல் ஆடு குட்டி ஈன்றதும் செத்துப்போனது. அந்தக் கிடாய்க்குட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, போத்தலில் பால் கொடுத்து, சாக்கு விரித்துப் படுக்க வைத்தார். "மகன்" என்றுதான் கூப்பிட்டார். நானும் சும்மா இருந்தேன், அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசம். பின்னேரமானால் முற்றத்தில் குந்தி, அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார். அது திருப்பித் தள்ளும். இவர் மல்லாந்து விழுந்து நடிப்பார். ரோட்டில் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள்.

குட்டி கிடாவானது. என் இடுப்பளவு உயரம், பின்னால் வளைந்த கொம்பு, மூத்திரம் தெறித்து நாறும் தாடி. அது நடந்து வந்தால் எல்லாரும் ரோட்டோரம் ஒதுங்க வேண்டியிருந்ததால் ஊர் அதற்கு மினிஸ்டர் என்று பெயர் வைத்தது. அலுவிகாரையிலிருந்தெல்லாம் இணை சேர்க்கப் பெட்டையாடுகளை த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பலீலுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கோ தூக்கம் போனது. அது முதலில் இவரைத் தோளால் இடித்தது. பிறகு வழியை மறித்தது. பிறகு நாலடி பின்னால் போய்த் தலையைத் தாழ்த்தப் பழகியது. அதிலும் எப்போதும் இவருடைய இடது பக்கமாகத்தான் வரும். தற்செயலோ, தெரிந்தேதானோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அது தலையைத் தாழ்த்தும்போதெல்லாம் நான் மூடியில் அடிப்பேன். இவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கள்ளப்பயல் உடனே பலா இலையைக் கவ்வி, ஒன்றுமே தெரியாத மாதிரி மெல்லும்.

"என்ன புள்ள, ஊரக் கூட்டுற? மகன் வெளையாடுறான்."

"அது வெளையாட்டா? ஒரு நாளைக்கி அது முட்டி நீங்க மௌத்தாப் போவீங்க, அப்பவும் வெளையாட்டுன்னு சொல்லுங்க!"

இதனால் அலுவிகாரையில் இருக்கும் தங்கச்சி றமீஸாவின் வீட்டுக்குக்கூட நான் போவதில்லை. நான் போய்விட்டால் மூடியில் அடிப்பது யார்?

பூச்சி மருந்து கொடுக்க வந்த மிருக வைத்தியர் சர்மிளா மிஸ், பலீல் பெருமையாக அதன் நெற்றியைத் தள்ளிக் காட்டியதும் பதறிப்போனார்.

"ஐயோ பலீல் நானா, நெத்தியில கை வைக்காதீங்க! உங்களுக்குத்தான் அது வெளையாட்டு. அவனுக்கு நீங்க சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி. மனுசங்க கையில வளந்தவன், உங்களையும் ஒரு கிடான்னுதான் நெனைக்கிறான். முதுகு காட்டாதீங்க, ஓடவும் வேணாம். நெருங்கி வந்து இடிச்சா முன்னங்கால் ஒன்னத் தூக்கிப் புடிங்க. மூணு கால்ல நின்னு அவனால தள்ள ஏலாது. ஆனா இது போகப்போகக் கூடும். காயடிச்சு விடுறதுதான் நல்லது. அப்பவும் அடங்கக் கொஞ்ச நாள் எடுக்கும்."

பலீல் சிரித்தார். "காயடிச்சா அவன் என்ன மினிஸ்டர், மிஸ்?"

அவர் சிரித்தாரே தவிர, அதற்குப் பிறகு ஆட்டுக் கொட்டிலுக்குள் போகுமுன் படலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பதை நான் பார்த்தேன். அது என் பயத்தை இரட்டிப்பாக்கியது.

ஒரு நாள் தொழுகைக்கு ஒளு எடுத்துக் கால் கழுவச் சாரனை உயர்த்தினார். முழங்காலுக்குப் பின்னால் கருநீலமாய்க் கன்றியிருந்தது.

"என்ன இது?"

"படியில வழுக்கின."

"பின்னால வந்து முட்ட நம்மட படிக்கிக் கொம்பு மொளச்சிருக்கா?"

தொழப் போய்விட்டார். நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப அந்த மனிசன் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை நொண்டிக்கொண்டு பலாக்கொத்து வெட்டி வந்தார். போன் அடித்தது. அவர் பலா மரத்தடியில் நின்று பேசத் தொடங்க, நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். இவர் திரும்புமுன் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு வந்தால் இன்றைக்காவது அவர் உள்ளே போக வேண்டாமே என்றுதான். சட்டி மூடி அடுப்படியிலேயே கிடந்தது.

வாளியைக் கீழே வைக்கவும் மினிஸ்டர் வந்து இடுப்பில் இடித்தது. நான் என்ன செய்தேன்? பயத்தில் கை தானாகப் போய் அதன் நெற்றியைத் தள்ளியது. மிஸ் எதைச் செய்ய வேண்டாம் என்றாரோ அதையே! மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அது பின்னால் போனது. இரண்டு காலில் எழும்பியது. நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். கொம்பு தூணில் விழுந்து கொட்டிலே ஆடியது. அடுத்த நொடி பலகைச் சுவரோடு என்னை வைத்து அழுத்தியது. மூச்சு முட்டியது. கலிமாவைத் தொடங்கினேன், பாதியில் மறந்து போனது.

"இஞ்ச பாருங்க! இஞ்ச வாங்க!"

பலகை இடுக்கால் அவர் தெரிந்தார். போனை நல்ல காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஸியாம், நீங்க பயப்படாமப் பெட்டையக் கொண்டுவாங்க. அவன் பச்சப்புள்ள மாதிரி. எங்கட ஊட்டுக்காரியே உள்ளுக்குப் போய்த் தீன் வெப்பா."

கத்தினேன், கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் மிஸ் சொன்ன அந்தக் கால் ஞாபகம் வந்தது. குனிந்து அதன் முன்னங்காலைப் பற்றித் தூக்கினேன். அழுத்தம் விட்டது. மூன்று காலில் தள்ளாடிக்கொண்டு அது நின்றது. ஆனால் காலை விட்டால் என்ன ஆகும்? விடவும் பயம், பிடிக்கவும் தெம்பில்லை. அதன் நாற்றமும் என் அழுகையுமாய் நாங்கள் இருவரும் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் படலுக்கு வந்தார். என்னைக் கண்டதும் படலைக் கழற்றிக் கேடயமாய்ப் பிடித்து எங்களுக்கு நடுவில் புகுந்தார். அதைத் தள்ளிக்கொண்டே என்னை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி படலைக் கட்டிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயந்தான் ஸைனம்பு. ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் உள்ளுக்குப் போறேன்."

இத்தனை வருசத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"எத்தின தரம் கூப்பிட்ட?"

"ஒரு தரந்தான்" என்றேன். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை.

அவர் வலது காதை என் வாயருகே கொண்டுவந்தார். "எத்தின தரம்?"

நான் அழுதேன். அவர் போனை என் கையில் வைத்தார்.

"சர்மிளா மிஸ்ஸுக்கு நீயே எடு. வந்து காயடிக்கச் சொல்லு. நான் பேசினா மாத்திப் பேசிப்போடுவேன்."

தண்ணீர் குடித்துக் குரல் வந்ததும் நான் எடுத்தேன். மிஸ் ஹலோ என்றதும், பலீல் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு பலா மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.